வாள் பிடிக்கும் ஆசிரியை



பழவேற்காட்டிலிருந்து ஒரு தாயார் நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். சென்னையில் ஒரு கல்லூரியில் பயிலும் அவருடைய மகள், ஏரிக்கு அப்பாலுள்ள பசியாவரத்து மீனவக் குடும்பத்துத் தோழியுடன் சேர்ந்து வாள்வீச்சு பழகி வருகிறாளாம். படிப்பு முடிந்ததும் அதிலேயே பயிற்சியாளராகி, கல்லூரி மாணவியருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. தாயார் கேட்பவை மூன்று. பெண்பிள்ளைக்கு இது தகுமா? இதில் ஹலாலான பிழைப்பு உண்டா? பேசி முடிக்கும் நிலையிலுள்ள சம்பந்தம் இதனால் கைநழுவிப் போகாதா?

முதற்கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. உஹதுப் போர்க்களத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ்ந்து பகைவர் நெருங்கிய வேளையில், வாளேந்தித் தடுத்து நின்றோருள் உம்மு உமாரா (ரலி) அவர்களும் ஒருவர். பெருநாள் அன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அண்ணலாரின் தோளுக்குப் பின்னே நின்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை கண்டு களித்த செய்தியும் நாம் அறிந்ததே. ஆயுதப் பயிற்சி நம் மரபுக்கு அயலான பொருளன்று. 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய பழவேற்காட்டு மண்ணுக்கும் வாள் புதிதன்று!

இன்றைய வாள்வீச்சு போர் அன்று. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்கு மேற்படாத அகலமும் உடைய ஒரு தடத்தில் இருவர் எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டம். ஃபாயில், எப்பே, சேபர் என மூவகை வாள்கள். ஃபாயிலில் உடற்பகுதியை மட்டுமே தொடலாம். எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கும் தொடலாம். சேபரில் இடுப்புக்கு மேலே தொடலாம், வெட்டும் செல்லும். வாளின் முனை மழுங்கியது. பட்டதும் மின்விளக்கு எரிந்து புள்ளியைக் காட்டிவிடும். ஆடையோ கழுத்து முதல் கணுக்கால் வரை உடலை மறைப்பது. கையில் உறை, முகத்தில் கம்பிவலை. நம் பெண்மக்கள் ஆடக்கூடிய விளையாட்டுகளில் இத்துணை மறைப்புடையது வேறொன்று உண்டா என்று எண்ணிப் பார்க்கிறேன். சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து இப்திஹாஜ் முஹம்மது என்ற சகோதரியின் பெற்றோரும் இவ்வாறே எண்ணினர். மகள் மார்க்க நெறிக்கு உட்பட்டு உடுத்தி ஆடுவதற்கு ஏற்ற விளையாட்டைத் தேடிய அவர்களுக்கு வாள்வீச்சு கண்ணில் பட்டது. 13 வயதில் தொடங்கிய அவர், டியூக் பல்கலைக்கழகத்தின் அணியில் ஆடிக்கொண்டே படித்து 2007இல் பட்டம் பெற்றார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் முக்காடு அணிந்து களமிறங்கிய முதல் அமெரிக்க வீராங்கனை அவரே. சேபர் குழுப் போட்டியில் வெண்கலமும் வென்றார். அதே ஒலிம்பிக்கில் துனீசியாவின் இனெஸ் பூபக்ரி ஃபாயிலில் வெண்கலம் பெற்றார்.

நம் தமிழ்நாட்டின் கதை இதனினும் நெருக்கமானது. சென்னையில் ஓர் அர்ச்சகரின் மகளாகப் பிறந்த பவானி தேவி, 2004இல் பள்ளியில் வாள்வீச்சைத் தொடங்கினார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் எஞ்சிய இதைத் தேர்ந்தாராம். வாள் விலை அதிகம். ஆதலின் மூங்கிற் கழிகளால் பழகினார். பின்னர் கேரளத்துத் தலச்சேரியில் விளையாட்டு ஆணைய மையத்தில் சேர்ந்து, சாகர் லாகு என்ற பயிற்சியாளரிடம் கற்றார். பின்பு இத்தாலியில் நிக்கோலா சனோட்டியிடம் பயின்றார். டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது, அதற்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனையாகச் சென்று, முதல் ஆட்டத்தில் துனீசியப் பெண்ணை 15–3 என வென்று, அடுத்ததில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 15–7 எனத் தோற்றார். 2023இல் ஆசியப் போட்டித் தொடரில், ஜப்பானின் உலகச் சாம்பியனான மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார்.

இத்தனை புகழிலும் நமக்கு இங்கே வேண்டியது ஒரு சிறு செய்தி. 14 வயதில் துருக்கி நாட்டில் தம் முதல் சர்வதேசப் போட்டிக்கு அவர் மூன்று நிமிடம் தாமதமாக வந்தார். கறுப்பு அட்டை காட்டி விலக்கிவிட்டனர். பயிற்சியாளர் என்பவர் கத்தி சுழற்றக் கற்பிப்பவர் மட்டுமல்லர் என்பதை அறிய இந்த ஒரு நிகழ்ச்சி போதும். நேர அட்டவணை, பயணம், விதிநூல், சினம் அடக்குதல் யாவும் அவர் பொறுப்பே.

அவர் தொழிலின் உண்மையான உழைப்பு, பார்வையாளர் எவரும் காணாத இடத்தில் இருக்கிறது. தனிப்பாடம் என்று ஒன்று உண்டு. ஆசிரியர் கனத்த தோல் மேலாடையும் முகமூடியும் அணிந்து மாணவிக்கு எதிரே நிற்பார். வேண்டுமென்றே சற்றே கையைத் தாழ்த்தி ஓர் இடைவெளி காட்டுவார். மாணவி அதைக் கண்டு பாய்ந்து தொட வேண்டும். தொட்டால் ஒரு படி பின்வாங்கி, அடுத்த முறை அதே இடைவெளியை அரை நொடி தாமதித்துக் காட்டுவார். இவ்வாறு மாணவி ஒருத்திக்கு இருபது நிமிடம் எனில், மாலை முழுவதும் எத்தனை குத்துகள்! தான் அடிபட்டே கற்பிக்கும் ஆசிரியத் தொழில் இது. இரவில் தோளும் மணிக்கட்டும் வலிப்பது இயல்பு.

அதன்பின் பட்டறை வேலை. மின்வாளின் உட்குழியில் ஓடும் மெல்லிய கம்பி அறுந்துவிடும். முனையின் சுருள்வில் தளர்ந்துவிடும். ஃபாயில் முனை 500 கிராம் எடையையும், எப்பே முனை 750 கிராம் எடையையும் தாங்கித் திரும்ப எழ வேண்டும். இல்லையேல் போட்டியில் வாளை ஏற்கமாட்டார்கள். இவற்றைப் பழுது பார்க்கத் தெரியாத பயிற்சியாளர், வலை பின்னத் தெரியாத மீனவரைப் போன்றவர். பனையோலையில் பெட்டி முடையும் நம் பழவேற்காட்டுப் பெண்களின் விரல்களுக்கு இவ்வேலை எளிதில் வசப்படும் என்பது என் நம்பிக்கை.

இனிப் பிழைப்பு. இங்கே நான் இனிப்பாகப் பேச விரும்பவில்லை. நம் கல்லூரிகளில் வாள்வீச்சுக்கென்று நிரந்தரப் பணியிடம் மிக அரிது. பகுதி நேரப் பயிற்சியாளருக்கு உரிய ஊதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. நிலையான வேலை உடற்கல்வி இயக்குநர் பணியே. அதற்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும், தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அதனுடன் பாட்டியாலாவில் பழைய அரண்மனையில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் பட்டயமும் இருந்தால், விளையாட்டு ஆணையங்களிலும் பள்ளிகளிலும் கதவுகள் திறக்கும். ஆகவே மகள் முதலில் பட்டப் படிப்பை முடிக்கட்டும். மாநில, தேசியப் போட்டிகளில் ஆடிய சான்றுகளைப் பத்திரப்படுத்தட்டும். பிறகு உடற்கல்விப் படிப்பு. அதன் பின்னரே பாட்டியாலா.

அமெரிக்காவில் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டெசிக்கோ என்பவர் 1962 முதல் 1995 வரை வாள்வீச்சுப் பயிற்சியாளராக இருந்தார். அவரது அணிகள் 700க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் கண்டன. அவர் முழுநேர விளையாட்டு மனிதர் அல்லர். அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர்! விளையாட்டு மாணவர்கள் பாடத்தில் பின்தங்காதிருக்க ஆலோசனைத் திட்டம் ஒன்றையும் 1960களில் அவரே அங்கு தொடங்கினார். கற்பிக்கும் வேறொரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வாளையும் பிடித்த அவரது வழி, நம் பெண்பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும் என்று கருதுகிறேன். கணிதமோ தமிழோ கற்பிக்கும் ஆசிரியை, மாலையில் பயிற்சி மேடையில் நிற்கலாமே.

பாட்டியாலா வரை தனியே அனுப்புவதா என்ற தயக்கம் நியாயமானதே. தந்தையோ சகோதரரோ உடன் சென்று, பெண்கள் விடுதியை நேரில் பார்த்து, சேர்த்துவிட்டு வரலாம். பயணம், தங்கல் குறித்த மார்க்கச் சட்டத்தை ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். அது என் எல்லை அன்று.

சம்பந்தம் பற்றி ஒன்று சொல்வேன், சகோதரி. மகளின் விருப்பத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்து நிக்காஹ் பேசாதீர்கள். நிக்காஹுக்குப் பின் வெளிப்படும்போது மனத்தாங்கலே மிஞ்சும். இப்போதே சொல்லுங்கள். மகளின் மாலை நேரத்தில் இரண்டு மணியைப் பிறர் பிள்ளைகளுக்காக விட்டுத்தர அந்த வீட்டாருக்கு மனமுண்டா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால் மகளிடமும் கலந்து முடிவெடுங்கள். அவளைக் கேளாமல் முடிவெடுத்தால், அவள் சம்மதம் என்ற நிபந்தனையே பொருளற்றுப் போகும்.

மடலின் ஓரத்தில், தோழியர் இருவரும் ஒரே முகமூடியை மாற்றி மாற்றி அணிவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் உடனே நிறுத்துங்கள். ஒருவர் தலைக்கு இறுகப் பொருந்துவது மற்றவருக்குத் தளரும்; தளர்ந்த முகமூடி கழுத்தைக் காக்காது. வலையில் பள்ளமோ துருவோ இருப்பின் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பெருநாளைக்கு எடுக்க எண்ணியிருந்த துணியின் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, மகளின் தலை அளவுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். பசியாவரத்துப் பிள்ளைக்கும் ஒன்று, ஜமாஅத்தில் எவரேனும் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், கிடைக்கும்.