"வெல் டிஃபரன்ஷியேட்டட்"னு பார்த்துட்டு நிம்மதி ஆகாதீங்க

வாய்ப் புற்றுநோய் ரிப்போர்ட் பற்றி ஒரு த்ரெட். கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன், பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஒருத்தர் வந்தார். நாக்கு ஓரத்துல ஒன்றரை சென்டிமீட்டர் புண், வேற ஊர்ல ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம். இப்போ கழுத்துல நெறிக்கட்டி. ஃபைலில் இருந்த பயாப்சி ரிப்போர்ட் மொத்தமே நாலு வரி: "வெல் டிஃபரன்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. மார்ஜின் ஃப்ரீ." வீட்டுல எல்லார்கிட்டயும் "இது நல்ல வகை, பயமில்லை"ன்னு சொல்லியிருக்காங்க.

நல்ல வகையாம்!

வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலானவை வெல் அல்லது மாடரேட் வகைதான். அதாவது அந்த ஒரு வார்த்தை உங்களை இன்னொரு நோயாளியிடமிருந்து பெரிதாகப் பிரித்துக் காட்டாது. ஸ்டேஜ் போடும் கணக்கிலேயே அது கிடையாது.

கணக்கில் இருப்பது ஆழம். பக்கத்தில் உள்ள நல்ல தோலின் அடிப்படலத்திலிருந்து கட்டி எவ்வளவு கீழே இறங்கியிருக்கு என்பது. கட்டியின் தடிமன் வேற, இது வேற. காலிஃப்ளவர் மாதிரி வெளியே வளர்ந்த கட்டி தடிமனா இருந்தும் ஆழமில்லாம இருக்கலாம், சின்னப் புண் உள்ளே குடைஞ்சிருக்கலாம். 2018-ல் நடைமுறைக்கு வந்த ஏஜேசிசி 8-ஆம் பதிப்பில், 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினா டி1 இல்லை, டி2.

அவருடைய ஸ்லைடுகளை வரவழைச்சு மறுபடி படிக்கச் சொன்னோம். ஆழம் 8 மில்லிமீட்டர். நரம்பைச் சுற்றியும் புற்றுசெல்கள் ஓடியிருந்தது. முதல் நாளே அந்தக் கண்ணாடியில் இருந்த விஷயம்தான் இரண்டும். யாரும் எழுதலை. கழுத்தையும் யாரும் தொடலை.

கழுத்து ஏன் முக்கியம்னா, மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வு. ஆரம்ப நிலை வாய்ப் புற்று, கழுத்தில் கட்டி எதுவும் தெரியாத நோயாளிகள். முதல் ஆபரேஷனிலேயே கழுத்து முடிச்சுகளை எடுத்தவர்களில் மூன்று வருட உயிர்வாழ்வு 80 சதவீதம். கட்டி வந்த பிறகு பார்த்துக்கலாம்னு விட்டவர்களில் 67.5. நம்ம நாட்டு ஆய்வு, நம்ம நாட்டு நோயாளிகள். இதுக்கப்புறமும் ஆழத்தை எழுதாத ரிப்போர்ட்டை எப்படி ஏத்துக்கறது?

"பேத்தாலஜிஸ்டுக்கு வேலைப்பளு சார்"னு சொல்வீங்க. உண்மைதான், அரசு லேப்ல ஒருத்தர் எத்தனை கேஸ் பார்க்கிறார்னு எனக்குத் தெரியும். ஆனா இதுக்குப் புது மெஷின் வேண்டாம், அதே ஸ்லைடு, அளக்க ஒரு ஸ்கேல். தப்பு அவங்க மேல மட்டும் இல்லை. எந்தப் பக்கம் எதுன்னு ஒரு தையல் அடையாளம்கூட போடாம ஃபார்மலின் டப்பாவில் போட்டு அனுப்பற எங்க சர்ஜன் கூட்டத்தையும் சேர்த்துத்தான் திட்டறேன். அப்புறம் எந்த மார்ஜின் நெருக்கம்னு அவர் எப்படிச் சொல்வார்?

வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்திருந்தா ரிப்போர்ட்டை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ஆழம் எத்தனை மில்லிமீட்டர், மார்ஜின் எத்தனை மில்லிமீட்டர் ("ஃப்ரீ" மட்டும் போதாது), நரம்பு, ரத்தக்குழாய்ல ஊடுருவல் உண்டா இல்லையா, முடிச்சு எடுத்திருந்தா புற்று அதன் உறையைக் கிழிச்சு வெளியே வந்திருக்கா. கடைசி கேள்விக்கு "ஆமா"ன்னா ரேடியேஷனோட கீமோவும் சேர்க்கறது பற்றிப் பேசியே ஆகணும்.

இல்லைன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. மெழுகுக் கட்டைகளும் ஸ்லைடுகளும் லேப்ல இருக்கும், வாங்கி வேற இடத்துல மறுபடி படிக்கக் கொடுக்கலாம். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.