முத்திரையிட்ட கடிதம்

1879-ஆம் ஆண்டில் கால் அணாத் தபால் கார்டு இந்நாட்டில் வழங்கத் தொடங்கியபொழுது, அதனை இடையிலுள்ளார் எவரும் படிக்கக்கூடும் என்பதை எழுதுவோர் நன்கறிந்திருந்தனர். ஆதலின் நலம் விசாரிப்பும் அறுவடைச் செய்தியும் கார்டிற் சென்றன. கடன் வழக்கும் குடும்பத் துயரும் ஒட்டிய உறையுட் புகுந்தன. இன்றோ நம் தஞ்சைத் தரணியில், மேட்டூரில் நீர் திறந்த செய்தியும், வங்கிக் கணக்கின் எண்ணும், மகளுக்கு வந்த வரன் பற்றிய பேச்சும் ஒரே செல்பேசியில் ஓடுகின்றன. எது கார்டு, எது உறை என்னும் பகுப்பையே நாம் மறந்துவிட்டோம்.

வாட்ஸ்அப் செயலி 2016 ஏப்ரல் முதல் செய்திகள் அனைத்தையும் மறையாக்கி அனுப்புகின்றது. அம்மறையைத் திறக்கும் சாவி அனுப்புவோர், பெறுவோர் கருவிகளில் மட்டுமே உளது. இடைநிற்கும் கம்பெனியார்க்கும் உள்ளுறை புலப்படாது. ஆயினும் யார் யாருக்கு எப்பொழுது அனுப்பினர் என்பதை அவர் அறியலாம். மதகு காக்கும் லஸ்கர் நீரைச் சுவைத்துப் பாராமலே எவ்வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் சென்றதென்று சொல்லிவிடுவாரன்றோ? கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவரிற் பலர் இவ்வேறுபாட்டை அறியாதிருப்பது எனக்கு வியப்பாகவே உளது.

நிற்க. 2018-ல் சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதார் எண்ணோடு பிணைக்கவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. விசாரணை வளர வளர, ஒரு செய்தியை முதன்முதல் எழுதியவரைக் கண்டுபிடிக்க இயலுமா என்பதே பெருவினாவாயிற்று. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி, இயலும் என்று 2019-ல் உரைத்தார். முதல்வரின் எண்ணைச் செய்தியோடு கோத்தே அனுப்பலாம் என்பது அவர் காட்டிய வழி. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதனை மறுத்து, தீயோர் அதனை எளிதில் ஏமாற்றுவர் என்றார். வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் 2021 பெப்ருவரியில் மத்திய அரசு பெரிய செயலிகளுக்கு இக்கடமையை விதியாகவே வகுக்க, வாட்ஸ்அப் அவ்வாண்டே டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடிற்று.

எதிர்க்கட்சியார் கூற்றை எளிதில் தள்ளுதல் தகாது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரருகே, குலதெய்வத்தை வழிபடச் சென்ற மூதாட்டி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்தி செல்பேசி வழியே பரவியது. அதனை முதலில் விடுத்தவரைப் பிடிக்கவேண்டும் என்று எண்ணாதார் யார்? யானும் எண்ணினேன். ஆனால் அத்தகைய வதந்தி ஒருவர் வாயில் தோன்றுவதன்று. எங்கோ எடுத்த படம் ஊர்தோறும் புதுச்சொல் ஏற்று நடக்கும். முதல்வரைத் தேடினால் அஞ்சிய தாயொருத்தி கிடைக்கக்கூடும். அடித்த கைகளோ பட்டப்பகலில் ஊரார் கண்முன் இருந்தன. அவ்வாண்டு சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறைக்கு ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்தவொண்ணாதபடி அச்செயலி வரம்பு செய்தது. வேகத்தைத் தடுக்க எவர் கடிதத்தையும் பிரிக்கவேண்டியிருக்கவில்லை.

ஒருவரைக் கண்டுபிடிக்கும் பொருட்டு அனைவர் செய்திக்கும் முன்கூட்டியே அடையாளம் குத்தவேண்டும் என்பதே இவ்விதியின் பெருங்குறை. குற்றம் சாட்டப்பட்டவரின் கருவியை முறைப்படி கைப்பற்றுவது வேறு, இது வேறு. மேலும், முதல்வரைக் காட்டுமாறு நீதிமன்றமேயன்றி அதிகாரம் பெற்ற அரசு அலுவலரும் ஆணையிடலாம். 2017 ஆகஸ்டு 24-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அவ்வுரிமைக்கும் எல்லையுண்டு என்பது மெய். அவ்வெல்லையை அலுவலக மேசையில் வரைதல் ஒண்ணாது.

கடைமடை உழவர் ஒருவர், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கின்றார்கள் எனத் தம் குழுவில் எழுதுகின்றார் என்று கொள்வோம். அது மாலைக்குள் மாவட்டமெங்கும் பரவுகின்றது. பொய்வதந்தி என்று புகார் எழுகின்றது. முதல்வர் யார் என்று கேட்கப்படுகின்றது, விடையும் கிடைக்கின்றது. அடுத்த வாரம் அவர் நெல் அதே நிலையத்து வாயிலில், வானம் இருண்டிருக்க, எடைக்குக் காத்துக் கிடக்கும்.