மூக்குப் போனால் என்ன போச்சு?

2020 கடைசியில் எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் என்னிடம் வந்தார். அறுபத்தெட்டு வயது. கொரோனா வந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"தம்பி, காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, வாசனை மட்டும் திரும்பலை. கவுனி அரிசி கிண்டினா களிமண்ணு மாதிரி இருக்கு. போன வாரம் அடுப்புல பால் கருகி, பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது" என்றவர் கண்கலங்கிவிட்டார்.

வீட்டில், "வயசாச்சு, வாசனை தெரியாட்டா என்ன?" என்றார்களாம். எனக்கு இங்கேதான் கோபம். கண் மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். காது மந்தமானால் மிஷின் வைக்கிறோம். மூக்குக்கு மட்டும் யாரும் அசைவதில்லை. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்கேப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு வேலை செய்யாத வீட்டில் அதைக் கலந்து என்ன பிரயோஜனம்?

நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். நாக்குக்குத் தெரிவது புளிப்பு, உப்பு போன்ற சில சுவைகளே. மோப்ப நரம்பு, மூளையில் ஞாபகமும் உணர்ச்சியும் தங்குகிற பகுதிக்கு நேராகப் போகிறது. நீங்களே பாருங்கள், பழைய பட்டுப்புடவையின் ஜவ்வாது வாசனை பட்டதும் பாட்டி எதிரில் நிற்பதுபோல் இல்லையா?

ஆச்சிக்குக் கஷாயம் கொடுத்தேன். அதுதான் குணமாக்கியது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். கூடவே ஒரு பயிற்சியும் சொன்னேன். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் என்ற டாக்டர் 2009-ல் வெளியிட்ட முறை அது. ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலை, மாலை இருவேளை, பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். ஒவ்வொன்றையும் கால் நிமிஷம்போல, அதன் பழைய வாசனையை நினைத்துக்கொண்டே மெதுவாக முகரச் சொன்னேன். அஞ்சறைப்பெட்டி இருக்கிற வீட்டில் இதற்குக் காசா பணமா? ஆனால், சளி, ஜுரம் எதுவுமில்லாமல் திடீரென்று மோப்பம் போனால் வீட்டு வைத்தியம் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். மூக்கில் சதை வளர்ந்திருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குக்கூட இது முன்னறிகுறியாக வருவதுண்டு.

இருக்கிற மூக்கையும் நாம் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. சென்ட் போட்டவருக்குச் சற்று நேரத்தில் அதன் வாசனை தெரியாமல் போய்விடும், மூக்கின் சுபாவம் அது. தீர்ந்துவிட்டதென்று நினைத்து மறுபடி அடித்துக்கொள்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தும்முகிறார். பாத்ரூமுக்கு ஒரு ஸ்பிரே, காருக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. ஜன்னலைத் திறக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது வழக்கம். ஐம்பது வயது தாண்டிய சித்த வைத்தியன் சொல்கிறேன், இழுப்பு இருக்கிற குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். பூவாக இருந்தாலும் பிசினாக இருந்தாலும் எரித்தால் வருவது புகைதான். மற்ற குழந்தைகளுக்கும் மூடிய அறையில் போடாதீர்கள். பெரியவர்கள் கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள். வாசனைதான் வேண்டுமென்றால், மண்பானைத் தண்ணீரில் ஒரு பிடி வெட்டிவேர் போதுமே!

ஆச்சிக்கு நாலாவது மாதம் கிராம்பு தெரிந்தது. பிறகு எலுமிச்சை. போன மாதம் கோயிலில் பார்த்தபோது தலையில் மல்லிகைச் சரம்.

"பாதி வாசனைதான் தம்பி வருது. மீதியை ஞாபகத்துல முகர்ந்துக்கிறேன்" என்றார்.