பிரான்சின் கடன்: வாங்கியவன் யார், கட்டுவது யார்?

பிரெஞ்சு நாடு கடனில் மூழ்குகிறதாம். 2024 முடிவில் கடன் சுமார் 3.3 லட்சம் கோடி யூரோ. ஆண்டெல்லாம் அந்நாடு உற்பத்தி செய்வது நூறு என்றால், கடன் 113!

தோழர்களே, பாரீசின் கடன் புதுவைக்கு என்ன என்று கேட்பீர்கள். பிரெஞ்சு பென்ஷனில் அடுப்பெரியும் வீடுகள் இன்னும் இங்கே இருக்கின்றன. 2025 ஜூலையில் பிரதமர் பைரூ கொண்டுவந்த சிக்கனத் திட்டம் என்ன சொல்லிற்று? 2026இல் பென்ஷன் ஒரு காசும் ஏறக்கூடாது. பொது விடுமுறை இரண்டை விட்டுக்கொடு! அதில் ஒன்று மே 8, இட்லரை வீழ்த்திய வெற்றிநாள். மிச்சம் பிடிக்க நினைத்தது ஏறத்தாழ 4,400 கோடி யூரோ. செப்டம்பர் 8ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் அவரே வீழ்ந்தார்.

அதற்கு முன் 2023இல், கீழவையில் வாக்கெடுப்பே நடத்தாமல் ஓய்வு வயதை 62லிருந்து 64 ஆக்கினார்கள். தொழிலாளர் வீதிக்கு வந்தனர், வேலைநிறுத்தம் செய்தனர். விளைவு? 2025 டிசம்பரில் அச்சட்டத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. ரத்தாகவில்லை, நிறுத்திவைப்புத்தான்.

சரி, பணம் இல்லையா? இருக்கிறது. பத்துக் கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்கள், சுமார் 1,800 குடும்பங்கள், ஆண்டுக்குக் குறைந்தது நூற்றுக்கு இரண்டு வரி கட்டட்டும் என்றார் பொருளாதார அறிஞர் சூக்மான். 2,000 கோடி யூரோ வரை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 2025 பிப்ரவரியில் கீழவை ஏற்றது. ஜூனில் மேலவை கவிழ்த்தது. பணக்காரன் நாட்டைவிட்டு ஓடிவிடுவான், கால்பங்குகூடத் தேறுவது கடினம் என்கிறார்கள் எதிர்ப்பாளர்கள். கால்பங்கே வரட்டும், 500 கோடி ஆயிற்றே! மில்லில் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவன் எங்கே ஓடுவான்?

1936 ஜூனில் பிரெஞ்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வாரத்துக்கு 40 மணி வேலை, சம்பளத்தோடு விடுமுறை பெற்றனர். அதே ஆண்டு ஜூலை 30இல் சவானா மில் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சி சுட்டது. 12 பேர் மாண்டனர். அந்த இரத்தத்துக்குப் பின்தான் 1937இல் புதுவைக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் கிடைத்தது. பாரீசில் உழைப்பாளியின் நேரம் பறிபோனால் நமக்குச் சுடுவது அதனால்தான்.

2027இல் அங்கே அதிபர் தேர்தல். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுவைத் தமிழர்க்கும் அதில் வாக்குண்டு. வாக்குக் கேட்டு வருபவரிடம் அவர்கள் முதலில் கேட்கட்டும்: அந்த 1,800 குடும்பங்களிடம் நூற்றுக்கு இரண்டு வாங்குவீரா, மாட்டீரா?