மலைக்குடிகளும் ரேடியோ நிலையமும்

விதை எவ்வளவு உயர்ந்ததாயினும், பதம் தவறி விதைத்தால் பலன் தருவதில்லை. விவசாயம் சம்பந்தமான செய்தியும் அத்தகையதே. கள்ளக்குறிச்சி ஜில்லாவின் சமவெளியில் கரும்பும் நெல்லும் பயிரிடும் குடியானவர்களுக்குச் சாலையும் ஆலையும் விவசாய டிப்போவும் அருகிலேயே உள்ளன. கல்வராயன் மலைமீது சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிடும் குடிகளுக்கோ, செய்தி பெரும்பாலும் பதம் தவறியே வந்து சேருகிறது. இக்குறையைப் போக்க ரேடியோவினும் செலவு குறைந்த சாதனம் காண்பது அரிது. ஆயினும், எவ்வித ரேடியோ பயன் தரும் என்பதை அதன் சரித்திரத்தைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ரேடியோவைத் தொடங்கியது சர்க்கார் அன்று. 1924-ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்வமுள்ள சிலர் கூடி, சென்னை மாகாண ரேடியோ கிளப் என்னும் சங்கத்தை ஏற்படுத்தி ஒலிபரப்பை ஆரம்பித்தனர். பணமுடையால் 1927-இல் அது நின்றுபோயிற்று. சங்கத்தின் யந்திரத்தைப் பெற்ற சென்னை நகரசபை 1930 முதல் ஒலிபரப்பை நடத்தி வந்தது. 1938-இல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் திறக்கப்பட்டன. 1947-இல் தேசம் சுதந்திரமடைந்தபோது இந்தியாவிலிருந்த ஆறு நிலையங்களில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன. 1967-இல் புதுச்சேரி நிலையமும் சேர்ந்தது. சங்கீதமும் செய்தியும் கேட்பதற்கென்று பட்டணத்தில் பிறந்த ரேடியோ, இவ்வாறு படிப்படியாகக் கிராமங்களை எட்டியது.

குடியானவருக்கு ரேடியோவினால் என்ன லாபம் என்று கேட்போருக்குத் தஞ்சாவூர் ஜில்லா விடை கூறும். ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 நெல்லையும் ஒட்டுச் சேர்த்து ஆடுதுறைப் பண்ணையில் உண்டாக்கப்பட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், 1960-களின் மத்தியில் குறுவைப் பட்டத்திற்கென வழங்கப்பட்டது. திருச்சி நிலையம் அதன் சாகுபடி முறையை இடைவிடாது எடுத்துரைத்தது. கேட்டவர்கள் பயிரிட்டனர்; பார்த்தவர்கள் பின்பற்றினர். குடியானவர்கள் அந்நெல்லின் இலக்கத்தை மறந்து, அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டு அழைத்தனர். இந்நெல் வகைக்குப் பெயரளித்த பெருமை ஒலிபரப்புக்கே உரியது.

எனினும், பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் இப்பலன் கிட்டிவிடாது. 1956-ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் உதவியோடு, பூனா நிலையம் ஒரு பரீட்சை நடத்தியது. சுமார் 150 கிராமங்களில் கேட்போர் சபைகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு சபையிலும் ஏறக்குறைய இருபது பேர் வாரம் இருமுறை கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, பின்னர் அதைப்பற்றி விவாதித்தனர். சந்தேகங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பி, மறுபடி ரேடியோ வழியாகவே விடை பெற்றனர். சபையில்லாமல் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைக் காட்டிலும், சபைகள் இருந்த கிராமங்களில் அறிவு வெகுவாகப் பெருகியதெனப் பரீட்சை முடிவில் கண்டனர். 1959 முதல் இம்முறை தேசமெங்கும் கொண்டுவரப்பட்டது. காலப்போக்கில் சபைகள் கலைந்தன. பெட்டிகள் மட்டும் எஞ்சின. கேட்பவர் வாய்திறவாமல் இருக்கும் ரேடியோ, வாய்க்காலுக்கு வராத ஏரித் தண்ணீரை ஒக்கும்.

இப்போது பெட்டிக்கும் குறைவு நேர்ந்துள்ளது. சமீப ஆண்டுகளில் தேசத்தின் பல இடங்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டு, அவற்றினிடத்தில் பண்பலை வருகிறது. பண்பலையில் ஒலி தெளிவாயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், மத்திய அலை பூமியைத் தழுவி நெடுந்தூரம் செல்வது. பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வது. குறுக்கே ஒரு மலைமுகடு நின்றால் அதன் மறுபுறத்திலுள்ள பள்ளத்துக் கிராமம் மறைந்துபோகும். கைபேசி இருக்க ரேடியோ எதற்கு என்று சிலர் கூறுவர். கைபேசிக் கோபுரத்தின் அலையையும் மலைமுகடு அவ்வாறே மறைக்கும் என்பதையும், மாதந்தோறும் அதற்குப் பணம் கட்டவேண்டும் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும்.

செய்தி தாமதித்தால் விளையும் நஷ்டத்திற்கு மரவள்ளியே உதாரணம். 2020-இல் இந்தியாவில் புதிதாகக் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் தமிழ்நாட்டிலும் பரவியது. அதை அழிக்கும் சிறு குளவியொன்று ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-இல் கல்வராயன் மலைக்கு மேற்கிலுள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலில் விடப்பட்டது. குளவி விடப்பட்ட செய்தியை அறியாத குடியானவர் கடுமையான மருந்தைத் தெளித்தால், பூச்சியோடு அக்குளவியும் மடியும். அவர் மருந்துக்குக் கொடுத்த பணம் வீணாவதோடு, அண்டை வயலுக்குக் கிடைக்கவிருந்த நன்மையும் கெடும். இத்தகைய செய்தியை வாரத்திற்கு ஒருமுறையேனும், மலைக்குடிகள் பேசும் பேச்சிலேயே கூறவல்ல நிலையம் அவசியமன்றோ?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டு முதல் சமுதாய வானொலி நிலையம் நடத்த வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் பதிவு பெற்ற தொண்டு ஸ்தாபனங்களுக்கும் அனுமதி வழங்கப்படுகிறது. சக்தி 100 வாட். எட்டும் தூரம் சுமார் பத்து கிலோமீட்டர். சமவெளியில் வைத்தால் மலைக்குப் பயனில்லை; ஆகையால் மலைமேலேயே அமைத்தல் வேண்டும். ஒரு நிலையம் எல்லாப் பள்ளங்களையும் எட்டாது என்பதும் உண்மை. எட்டாத ஊர்களில், நியாயவிலைக் கடையில் பண்டம் வழங்கும் நாளன்று, பதிவு செய்த பேச்சை ஒலிபெருக்கி மூலம் கேட்பிக்கலாம்.

யந்திரத்தினும் முக்கியமானது ஊரார் ஒத்துழைப்பு. ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும் ஊருக்கு ஒரு கேட்போர் சபையை அமைத்தல் நலம். அதில் பெண்களுக்கும் சரிபாதி இடமளிக்க வேண்டும். சாமைக்குக் களையெடுப்பவரும் விதையைப் பாதுகாப்பவரும் அவர்களே. சபையின் கேள்விகளை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வரவேண்டும். நிலையம் அமையும்வரை, இருக்கின்ற ஒலிபரப்பைக் கேட்டே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். நிலச்சுவான்தார்கள் தங்கள் வீட்டுத் திண்ணையை மாலையில் ஒருமணி நேரம் இதற்கு அளித்தால் அதுவே பெரிய உபகாரமாகும்.

சென்னையில் பணமின்றி ஒரு நிலையம் மூன்றாண்டில் நின்றது. கிராமங்களில் கவனிப்பாரின்றிக் கேட்போர் சபைகள் கலைந்தன. பின்னதே பெரிய நஷ்டம். இம்முறை சபைகள் முதலில் ஏற்படட்டும். கேட்பவர்கள் கூடியிருக்கும் இடத்திற்கு நிலையத்தைக் கேட்டுப் பெறுவது எளிது.