நூல் பாக்கியும் மனப் பாரமும்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கமொன்றில் ஆய்வு செய்தபோது, ஓர் அங்கத்தினர் கணக்கில் நூல் பாக்கி நிற்பதைக் கண்டோம். நூல் வாங்கி மூன்று திங்கள் கழிந்தும் ஒரு சேலைகூட வந்து சேரவில்லை. நூலை வெளியில் விற்றிருக்கக்கூடும் என ஐயுற்று, நடவடிக்கைக்குப் பரிந்துரைத்துக் குறிப்பெழுதினோம். அந்த அம்மையாரின் வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை.

பின்னர் அறிந்தது வேறு. நூல் முழுவதும் தறியிலே பாவாக நின்றது. இரண்டாவது பிரசவத்துக்குப்பின் அவருக்கு உறக்கமில்லை, உணவில் விருப்பமில்லை. தறிக்குழியில் காலை வைத்து அமர்வாராம். மிதிக்க மனம் வராதாம். இதை முதலில் உணர்ந்தவர் செயலாளரோ பஞ்சாயத்தாரோ அல்லர்; அடுத்த வீட்டில் தார் சுற்றும் மூதாட்டி. பிற்பகல்தோறும் உடனிருந்து பேச்சுக் கொடுத்து, பிறகு அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றவர் அவரே. இப்போது அத்தறி ஓடுகிறது. நமது குறிப்பு மட்டும் கோப்பில் அப்படியே இருக்கிறது.

அம்மூதாட்டி தாமாகச் செய்ததைச் சங்கங்கள் ஓர் ஒழுங்கோடு செய்ய இயலுமா? இயலும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டில் சான்று உண்டு. டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண்ணொருத்தி 2005இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பஸ் கட்டணம் இல்லாமற் போயிற்று என்றாராம் தாயார். அடுத்த ஆண்டு அம்மருத்துவர் ஹராரே நகரின் எம்பாரே பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சியளித்து, சுகாதார நிலையத்தின் வெளியே பெஞ்சில் அமரச் செய்தார். மனநலப் பெஞ்சு என்று பெயரிட்டபோது எவரும் அருகே வரவில்லை. நட்புப் பெஞ்சு என்று பாட்டிமார் பெயர் மாற்றியபின் வந்தனர். இத்துயருக்கு அந்நாட்டார் வழங்கும் சொல்லுக்கும் ‘மிகுதியாக நினைத்தல்’ என்பதே பொருள். நம் ஊரிலும் ‘எந்நேரமும் யோசனையாகவே இருக்கிறாள்’ என்றுதானே சொல்கிறோம்!

பாட்டிமார் முதலில் கேட்கின்றனர். பிறகு பல கவலைகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாமென வந்தவரையே சொல்லவைக்கின்றனர். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆறு மாதத்துக்குப்பின், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தோருள் நூற்றுக்கு 14 பேருக்கே இருந்தன. பேசி முடித்த பெண்கள் பின்னர் வட்டமாய்க் கூடியமர்ந்து பைகள் பின்னுகிறார்கள் என்பது நெசவாளர் கவனிக்கத்தக்கது.

ஆகவே, ஒவ்வொரு சங்கமும், விவசாயிகள் சங்கங்கள் உட்பட, வாரத்தில் ஒரு பிற்பகல் தன் திண்ணையை மாதர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. தொண்டு செய்ய முன்வரும் இரண்டு மூன்று மூத்த பெண்களுக்குப் பயிற்சியளிக்குமாறு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களைக் கேட்கலாம். பயிற்சியில்லாத பரிவு போதாது. ‘மனத்தைத் தேற்றிக்கொள்’ என்று சொல்லியனுப்புவது துன்பத்தைக் கூட்டும். சாவைப் பற்றிப் பேசுபவரை அன்றே மருத்துவமனையில் சேர்ப்பிக்க வேண்டும். எந்நேரமும் இலவசமாகப் பேச 14416 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. தொண்டரின் பஸ் செலவைப் பொதுநல நிதியுள்ள சங்கங்கள் அதிலிருந்து கொடுக்கலாம். தொண்டு என்பதற்காக ஏழை மூதாட்டி கைக்காசைச் செலவிடுவது முறையன்று.

திண்ணையில் பேசப்பட்டது பாக்கிப் பட்டியலுக்குப் போகலாகாது. கடன் வசூலிப்பவர் தொண்டராக இருத்தலும் கூடாது. நம்மைப் போன்ற ஆய்வாளர்கள் அந்த வேளையில் அப்பக்கம் தலைகாட்டாதிருப்பது நல்லது.

‘சங்கம் துணி விற்க ஏற்பட்டதா, கண்ணீர் துடைக்க ஏற்பட்டதா?’ என்று பஞ்சாயத்தார் ஒருவர் நம்மைக் கேட்டார். துணி நெய்பவர் யார் என்று திருப்பிக் கேட்டோம். அவர் பேரவைக் கூட்டத்தில் இதனை வைக்க இசைந்தார். ஆனால் இடமில்லை என்றார். அவருடைய சங்கத்தின் பின்புறத் திண்ணையில் காலிச் சாக்குகளும் உடைந்த ராட்டைகளும் கிடக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த அரை நாள் பிடிக்கும்.