காய்ச்சலைத் தணித்த மூட்டுவாத மருந்து

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் 'டி செல்' என்று ஒரு வகை உண்டு. வீட்டுக் காவல்காரன் மாதிரி, அந்நியக் கிருமி நுழைந்தால் விடாது. புற்றுநோய் அணுவோ நம் உடம்பிலேயே பிறந்தது! சொந்தக்காரன் போல உட்கார்ந்து கொண்டு தப்பித்து விடுகிறது.

அமெரிக்காவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து டாக்டர் கார்ல் ஜூன் குழுவினர் நோயாளியின் டி செல்லையே பிரித்தெடுத்து, புற்று அணுவை அடையாளம் காணும்படி மாற்றி, கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். 'கார்-டி' சிகிச்சை என்று பெயர்.

2012-ல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற 6 வயசுப் பெண்ணுக்கு இதைச் செய்தார்கள். ரத்தப் புற்றுநோய், கீமோ கொடுத்தும் இரண்டு தடவை திரும்பி வந்து விட்டதாம். செல்லை ஏற்றியதும் காய்ச்சல் கொளுத்தி, மூச்சுக்கு மிஷின் வைக்கும்படி ஆயிற்று. பெற்றவள் என்ன பாடுபட்டிருப்பாள், நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

பரிசோதித்தால், ரத்தத்தில் ஐ.எல்-6 என்ற பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் ஜூனின் மகளுக்குச் சின்ன வயசு மூட்டுவாதம். அதனால் ஐ.எல்-6ஐ அடக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிற்று. தன் 7-வது பிறந்த நாளன்று எமிலி கண் விழித்தாள். நோய் போயே போய்விட்டது. வளர்ந்து கல்லூரியும் சேர்ந்து விட்டாள்.

நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19'-க்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டுந்தான். மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அல்ல. அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதுவே பல லட்சம், நம் போன்றவர்களுக்கு!